அமெரிக்காவில் புது சப்டிவிஷனில் வீடு: வாங்கும் முன் படிக்க வேண்டிய காகிதங்கள்

அமெரிக்கப் பெருநகரங்களைச் சுற்றி இன்று எழும் புறநகர்க் குடியிருப்புகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் உருவாகின்றன. விவசாய நிலமாகவோ மேய்ச்சல் வெளியாகவோ கிடந்த சில நூறு ஏக்கரை ஒரு டெவலப்பர் வாங்குவார். அதை மனைகளாகப் பிரித்து, சாலையும் குழாய்களும் வடிகாலும் போட்டு, உள்ளாட்சியின் ஒப்புதல் பெற்று வரைபடத்தைப் பதிவு செய்வார். அந்தப் பதிவான வரைபடத்துக்கு பிளாட் என்று பெயர். பிறகு ஒரு பில்டரோ பல பில்டர்களோ அந்த மனைகளில் வீடு கட்டி விற்பார்கள். இப்படிப் பிரித்து எழுப்பிய பகுதிதான் சப்டிவிஷன். இந்த முறை நாடு முழுக்கப் பரவியதில் லெவிட்டவுனுக்குப் பெரும்பங்கு உண்டு. நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் 1947-ல் தொடங்கிய அந்தக் குடியிருப்பில் 17,000-க்கும் அதிகமான வீடுகளை ஒரே நிறுவனம் கட்டியது.

பழைய பகுதியில் வீடு பார்க்கும்போது மரம், பள்ளி, அக்கம்பக்கம், போக்குவரத்து எல்லாம் கண்முன் இருக்கின்றன. புது சப்டிவிஷனில் பூங்கா வரப்போகிறது, பள்ளி வரப்போகிறது, கடைகள் வரப்போகின்றன. ஆனால் வரப்போவதை யார் தீர்மானிப்பது, அதற்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பதெல்லாம் ஏற்கெனவே சில காகிதங்களில் எழுதியாகிவிட்டது. சமையலறையை மூன்று முறை சுற்றிப் பார்க்கிறவர்கள்கூட அந்தக் காகிதங்களை ஒருமுறையும் புரட்டாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. முதல்முறை வாங்குகிறவர்களுக்காக அவற்றை இங்கே ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

குடும்பத்துக்கு ஏற்ற இடமா?

ஏஜென்டிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஏரியா சரிவருமா, நம்ம ஆட்கள் இருக்கிறார்களா? நல்ல ஏஜென்ட் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். அதற்குக் காரணம் சட்டம். லெவிட்டவுனில் வெள்ளையர் அல்லாதவர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்த காலம் உண்டு. அந்த மாதிரி பாகுபாட்டை ஒழிக்க 1968-ல் ஃபேர் ஹவுசிங் சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைப் பார்த்து வீடு மறுப்பதை அது தடை செய்தது. 1988 திருத்தத்தில் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே ஒரு பகுதியை இன்னாருக்கு ஏற்றது என்று சொல்லி ஆட்களை அங்கே திருப்பிவிடுவது ஏஜென்டின் உரிமத்துக்கே ஆபத்து. எனக்கு இது நியாயமான சட்டமாகவே படுகிறது. அதனால் வரும் வேலை என்னவென்றால், இந்தக் கேள்விக்கான பதிலை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கட்டும் குடியிருப்புகளைச் சட்டம் அனுமதிக்கிறது. வீடு அழகாக இருந்து, விலையும் தோதாக இருந்து, அருகில் பள்ளியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையென்றால், விளம்பரத்தில் அந்த வரி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது, காட்டுவதற்காகவே பில்டர் அலங்கரித்து வைத்திருக்கும் மாடல் ஹோமில் மட்டும் நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே குடிவந்துவிட்ட தெருக்களில் ஒரு வேலைநாள் மாலையில் நடந்து பாருங்கள். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, பூங்காவுக்குப் போக பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா, வீட்டு முகப்பில் கார்கள் நடைபாதையை மறித்து நிற்கின்றனவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தெரு எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். தெருக்கோடியில் கார் திரும்புவதற்கு வட்டமாக இடம் விட்டிருந்தால் அது உண்மையான முட்டுச்சந்து. வட்டம் இல்லாமல், வெட்டி நிறுத்தியதுபோல் தார்ச்சாலை முடிந்து, குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பு மட்டும் நின்றால், அந்தத் தெரு நாளை நீளப்போகிறது. அடுத்த கட்டத்தில் கட்டும் வீடுகளின் கார்கள் முழுக்க உங்கள் வாசல் வழியாகப் போகலாம். இன்று குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் அமைதியான மூலை அது.

பின்பக்கக் காலி நிலத்துக்கும் இதே கதைதான். "அங்கே ஒண்ணும் வராது" என்று விற்பனையாளர் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. பிளாட் வரைபடத்தில் அந்த நிலம் திறந்தவெளியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது எதிர்காலக் கட்டுமானத்துக்கு ஒதுக்கியதா என்று பாருங்கள். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டும் ஜோனிங் வரைபடம் நகராட்சியின் திட்டமிடல் துறை இணையதளத்தில் இருக்கும். அதில் உங்கள் வேலிக்கு அப்பால் வணிகப் பகுதி என்றிருந்தால், பெட்ரோல் பங்க்கோ கடைகளின் பின்பக்கக் குப்பைத்தொட்டியோ வரலாம் என்று பொருள்.

பள்ளி எல்லை நகரும்

பெற்றோர்கள் பலர் வீட்டைவிடப் பள்ளிக்குத்தான் அதிகப் பணம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் எந்தப் பிள்ளை எங்கே சேரலாம் என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எல்லை வகுத்திருக்கும். வேகமாக வளரும் புறநகரில் பிள்ளைகள் பெருகும் வேகத்துக்குப் பள்ளிகள் ஈடுகொடுக்க முடியாது. அதனால் எல்லைக்கோட்டை அவ்வப்போது மாற்றி வரைவார்கள். சில பள்ளிகள் இடம் நிரம்பிவிட்டதென்று புதிதாக வரும் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும். எதிரெதிர் வீடுகள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் போவதும் சாதாரணம். தபால் முகவரியில் இருக்கும் ஊரின் பெயரை வைத்து டிஸ்ட்ரிக்டை முடிவு செய்வதும் தவறு, இரண்டும் வேறு வேறாக இருக்கலாம்.

வீடு விற்கும் தளங்களில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். டிஸ்ட்ரிக்ட்டின் சொந்தத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். புத்தம்புதுத் தெரு என்றால் அதில் ஏறியிருக்காது, அப்போது சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பள்ளி வாரியக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலும் பொதுவெளியில் இருக்கும். எல்லை மாற்றம் பேச்சில் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

கடனுக்குள் இன்னொரு கடன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

புது நிலத்தில் சாலை, குடிநீர், கழிவுநீர், வடிகால் எல்லாம் போட கோடிக்கணக்கான டாலர் ஆகும். பல மாநிலங்களில் இதற்காகவே ஒரு சிறப்பு மாவட்டம் அமைக்கிறார்கள். அது பத்திரங்கள் வெளியிட்டுக் கடன் வாங்கும். அந்தக் கடனை, எல்லைக்குள் வீடு வாங்குகிறவர்கள் வரியாகத் திருப்பிக் கட்டுவார்கள். டெக்சஸில் இதற்கு மட் என்று பெயர், முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். ஃபுளோரிடாவில் சிடிடி, அதாவது கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட், கொலராடோவில் மெட்ரோ டிஸ்ட்ரிக்ட். கலிஃபோர்னியாவில் மெல்லோ ரூஸ். அங்கே 1978-ல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தி, மதிப்பு உயர்வுக்கும் ஆண்டுக்கு 2 சதவீத உச்சவரம்பு வைத்தது. வருமானம் சுருங்கிய உள்ளாட்சிகள் புதுப் பகுதிகளுக்குப் பணம் திரட்ட 1982-ல் மெல்லோ ரூஸ் சட்டம் வழிவிட்டது. ஒரே ஊரில் பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் வரி வித்தியாசப்படுவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதிப்பு 5 லட்சம் டாலர், மட் வரி ஒவ்வொரு 100 டாலருக்கும் 80 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,000 டாலர், மாதத்துக்கு ஏறக்குறைய 333 டாலர். இது கவுன்ட்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்ட நிர்வாகம்), பள்ளி வரிகளுக்கு மேலே வருவது. வீடுகள் பெருகி, பழைய கடன் குறையும்போது மட் வரி விகிதம் இறங்குவது உண்டு. ஆனால் புதிதாகக் கடன் வாங்கினால் இறங்காமலும் போகலாம். சிடிடியில் கடன் பங்கு ஒருநாள் முடிந்தாலும் பராமரிப்புக் கட்டணம் தொடரும். எனவே கேட்க வேண்டியவை இவை: இந்த மனைக்கு எல்லா வரியும் சேர்த்து விகிதம் எவ்வளவு, அதில் சிறப்பு மாவட்டத்தின் பங்கு எவ்வளவு, எந்த ஆண்டு வரை? டெக்சஸில் மட் பற்றிய அறிவிப்பை ஒப்பந்தம் உறுதியாவதற்கு முன்பே விற்பவர் எழுத்தில் தர வேண்டும். கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் அதுவும் ஒன்றாகக் கலந்து வரும்.

அப்புறம், முதல் ஆண்டுப் பொறி. பல மாநிலங்களில் ஜனவரி 1 அன்று சொத்து இருந்த நிலையை வைத்து அந்த ஆண்டின் வரியைப் போடுகிறார்கள். அன்று உங்கள் வீடு அஸ்திவார நிலையில் இருந்தால், அல்லது வெறும் மண்ணாக இருந்தால், முதல் பில் மனைக்கு மட்டுமே வரும். கடன் கொடுத்தவர் அந்தச் சிறிய பில்லை வைத்து எஸ்க்ரோ கணக்குக்கு மாதத் தொகையை நிர்ணயிப்பார். தவணையோடு சேர்த்து வரிக்காகப் பிடித்துவைக்கும் தொகைதான் எஸ்க்ரோ. மனைக்கு வரி 2,000 டாலர், முழு வீட்டுக்கு 10,000 டாலர் என்றால் அடுத்த ஆண்டு 8,000 டாலர் குறையும். அந்தக் குறையை 12 மாதங்களில் வசூலிக்க மாதம் 667 டாலர் கூடும். வருங்கால வரிக்காக இன்னொரு 667 கூடும். ஒரே கடிதத்தில் மாதத் தவணை 1,333 டாலர் எகிறிவிடும். வீட்டில் எந்தக் குறையும் இல்லாமலே குடும்பங்கள் திணறிப்போவது இங்கேதான். இதைத் தவிர்ப்பது சுலபம். மொத்த வரி விகிதத்தை வீடு வாங்கும் விலையோடு பெருக்கி, முழு வரிக்கான தொகையை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள். கலிஃபோர்னியாவில் வீடு கைமாறியதும், மதிப்பு உயர்ந்த அளவுக்குத் துணை வரி பில் என்று ஒன்று தனியாகவே வீட்டுக்கு வரும். பெரும்பாலும் எஸ்க்ரோ அதைக் கட்டாது, நீங்களே கட்ட வேண்டும்.

எச்ஓஏ யார் கையில்?

புது சப்டிவிஷன்களில் பெரும்பாலானவற்றில் வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது எச்ஓஏ, இருக்கும். வீடு வாங்கினால் உறுப்பினர் ஆகித்தான் தீர வேண்டும், விலகும் வசதி கிடையாது. பூங்கா, நீச்சல்குளம், நுழைவாயில் செடிகள், மழைநீர்க் குளம் இவற்றையெல்லாம் சங்கம் பராமரிக்கும். சந்தா பொதுவாகக் கடன் தவணையில் சேராது, தனியாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீட்டின் மேல் பாத்தியதை எழுப்பவும், பல மாநிலங்களில் ஏலம்வரை போகவும் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆரம்பத்தில் சங்கத்தின் கட்டுப்பாடு டெவலப்பர் கையில் இருக்கும். குறிப்பிட்ட சதவீத மனைகள் விற்ற பிறகுதான் குடியிருப்போரிடம் வரும். அதுவரை சந்தாவைக் குறைவாக வைத்து, பற்றாக்குறையை டெவலப்பரே ஈடுகட்டுவது வழக்கம். விற்பனைக்கு அது உதவும். பொறுப்பு கைமாறிய பின் உண்மையான செலவு தெரியவரும். நீச்சல்குளத்துக்கு மறுபூச்சு, தனியார் சாலைக்குத் தார் என்று வரும்போது சேமநிதி போதாவிட்டால், ஒரே தடவையில் சிறப்பு வசூல் கேட்பார்கள். ஆகவே இன்றைய சந்தாவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆண்டு பட்ஜெட்டையும் சேமநிதி ஆய்வையும், கைமாறும் நிபந்தனை என்ன என்பதையும் கேளுங்கள். சில பெரிய குடியிருப்புகளில் ஒட்டுமொத்தப் பகுதிக்கு ஒன்று, உங்கள் பிரிவுக்கு ஒன்று என இரண்டு சங்கங்கள், இரண்டு சந்தாக்கள் இருக்கும்.

விதிமுறைப் பத்திரம் நூறு பக்கத்துக்கு மேல் போகலாம். அதில் வீட்டை வாடகைக்கு விடலாமா, தெருவில் இரவு கார் நிறுத்தலாமா, வேலி எவ்வளவு உயரம், கூடைப்பந்து வளையம் வைக்கலாமா, வீட்டில் தொழில் செய்யலாமா என்ற இடங்களையாவது தேடிப் படித்துவிடுங்கள்.

பில்டரோடு பேசும்போது

விற்பனை அலுவலகத்தில் இனிமையாகப் பேசுகிறவர் பில்டரின் ஊழியர். அவர் உங்கள் பக்கம் நின்று பேரம் பேச முடியாது. உங்களுக்கென்று ஏஜென்ட் வேண்டுமானால் முதல் வருகையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை ஏஜென்டைப் பதிவு செய்யாவிட்டால், பல பில்டர்கள் பிறகு அவருக்குக் கமிஷன் தர மாட்டார்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல், ஏஜென்ட் வீடு காட்டும் முன்பே வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் போடும் முறை நாடு முழுக்க நடைமுறைக்கு வந்திருக்கிறது. கமிஷனை யார், எவ்வளவு தருவது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

மாடல் ஹோமில் பார்ப்பதில் பாதி அப்கிரேடு, அதாவது கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் வசதி. அடிப்படை விலையில் என்னென்ன அடக்கம் என்ற பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு பாருங்கள். பணம் இறுக்கமாக இருந்தால், சுவருக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் போகிற வேலைகளை மட்டும் பில்டரிடம் செய்யுங்கள்: கூடுதல் குளியலறைக்கான குழாய், மின்சாரக் காருக்கான வயரிங், கூடுதல் ஜன்னல் இப்படி. விளக்கு, திரை, பெயின்ட் எல்லாம் பிறகு நிதானமாக, பெரும்பாலும் குறைந்த செலவிலேயே செய்துகொள்ளலாம்.

ஒப்பந்தம் பில்டர் தன் வக்கீலை வைத்து எழுதியது. முன்பணம் எப்போது திரும்பி வராது, கட்டிமுடிக்கும் தேதி தள்ளிப்போனால் என்ன, கடன் கிடைக்காவிட்டால் விலக முடியுமா என்று கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் நீங்களும் ஒரு வக்கீலிடம் காட்டினால் அந்தச் செலவு வீண்போகாது. பில்டர் தனக்கு வேண்டிய கடன் நிறுவனத்திடம் போனால் சலுகை தருவதாகச் சொல்வார். சலுகை உண்மையாகவே லாபமாக இருக்கலாம், ஆனால் வட்டியில் அதைத் திருப்பி எடுத்துவிடவும் கூடும். வேறு இரண்டு நிறுவனங்களிடம் வட்டி, தவணை, கட்டணங்களின் மதிப்பீட்டைக் காட்டும் லோன் எஸ்டிமேட் என்ற படிவத்தை வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விண்ணப்பித்த 3 வேலைநாட்களுக்குள் அதைத் தர வேண்டும் என்பது சட்டம். பில்டர்கள் தரும் சலுகைகளில் ஒன்றான 2-1 பைடவுன் என்றால் முதல் ஆண்டு வட்டி 2 சதவீதப் புள்ளியும் இரண்டாம் ஆண்டு 1 புள்ளியும் குறைவு. 6.5 சதவீதக் கடனில் முதலில் 4.5, பிறகு 5.5, மூன்றாம் ஆண்டு முதல் முழு 6.5. மூன்றாம் ஆண்டுத் தவணையைத்தான் உங்கள் பட்ஜெட்டில் எழுத வேண்டும். விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: 2025 மே 25 முதல், கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குப் பொதுவாக மத்திய அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடன் கிடைப்பதில்லை, அந்தக் காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடன்தான் வழி.

புது வீட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேண்டும்

நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்தாரே என்று விட்டுவிடாதீர்கள். கட்டட விதியின் குறைந்தபட்சம் நிறைவேறியதா என்பதைத்தான் அவர் பார்ப்பார், அதுவும் சிறிது நேரத்தில். உங்கள் செலவில் ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மிக முக்கியமான கட்டம், சுவரை மூடும் ஜிப்சம் பலகையான ட்ரைவால் அடிப்பதற்கு முந்தையது. அப்போதுதான் மரச்சட்டம், வயர், குழாய், ஏசி காற்று போகும் டக்ட் எல்லாம் திறந்து கிடக்கும். குழாய்க்கு வழிவிட வெட்டப்பட்ட தாங்கு சட்டம், மடங்கி நசுங்கிய டக்ட், ஆணி படாமல் காக்கும் உலோகத் தகடு இல்லாத வயர், இவற்றை ட்ரைவால் மூடிய பின் யாராலும் பார்க்க முடியாது. நீங்களும் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து அலமாரி மாட்டத் துளை போடும்போது அந்தப் படங்கள் கைகொடுக்கும்.

வெளியே பார்க்க வேண்டியது மண்ணின் சரிவு. வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்குள் தரை குறைந்தது 6 அங்குலம் சரிந்து தண்ணீரை அஸ்திவாரத்திலிருந்து தள்ளிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் விதி. பெருமழை பெய்த மறுநாள் போய் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது. டெக்சஸ், கொலராடோ போன்ற இடங்களில் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண் அதிகம் என்பதால் இது இன்னும் முக்கியம்.

வெள்ள அபாயத்தை, மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் வரைபடத்தில் முகவரி போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1 சதவீத வெள்ள வாய்ப்பு என்று குறித்த பகுதியில், 30 ஆண்டுக் கடன் காலத்தில் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு 26 சதவீதம். அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தாலும், மேட்டுப்பக்கம் புதிதாகக் கான்கிரீட் பரவினால் தண்ணீர் வரத்து மாறும். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது, தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கான சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள், ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்யச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

வீடு உங்கள் பெயருக்கு மாறும் குளோசிங் நாளுக்குக் குறைந்தது 3 வேலைநாட்கள் முன்பு, இறுதிக் கணக்கைக் காட்டும் குளோசிங் டிஸ்குளோஷர் வரும். அதை லோன் எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் அனுப்பும் வங்கி விவரம் மின்னஞ்சலில் மாறியதாக வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். இந்த மோசடியில் மொத்த முன்பணத்தையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

குடிபுகுந்த பின் வாரன்டி காலம் ஓடத் தொடங்கும். பரவலாக உள்ள முறை 1-2-10: கட்டுமான வேலைப்பாட்டுக்கும் பொருட்களுக்கும் 1 ஆண்டு, குழாய், மின்சாரம், ஏசி அமைப்புகளுக்கு 2 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு. விரிசல், கதவு இறுக்கம், டைல் பெயர்ச்சி இவையெல்லாம் ஒரு கோடையும் ஒரு குளிரும் கடந்த பிறகுதான் வெளிப்படும். அதனால் 11-ஆம் மாதத்தில் இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்து, அவர் எழுதும் குறைப்பட்டியலைப் படங்களோடு, தேதியோடு, வாரன்டி முடியும் முன் பில்டருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.